அவதகுச்சிக் குறுவாள்கள்

படைக்கலம் என்றவுடன் போர்க்களமே பலர் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், யப்பான் நாட்டிலே இற்றைக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கொல்லர் மரபினர் வடித்த குறுவாள்கள், ஓவியமும் சிற்பமும் போன்று போற்றப்படுங் கலைப்பொருள்களாக இன்று விளங்குகின்றன. அவற்றை அறிஞர் ஆராயும் முறையையும், சேகரிப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யப்பானின் பண்டைத் தலைநகராகிய கியோத்தோவின் கீழ்த்திசை வாயிலில் அமைந்த ஊர் அவதகுச்சி. காமகுரா ஆட்சி நிலவிய 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்த வாட்கொல்லர் குடும்பம் அவ்வூர்ப் பெயராலேயே வழங்கலாயிற்று. குனிதோமோ, ஹிசகுனி, குனித்சுனா முதலிய உடன்பிறந்தார் அறுவர் அக்குடும்பத்தின் புகழை நிலைநாட்டினர் என்பர். அவர்களுக்குப் பின் வந்தவனே தோஷிரோ என்னும் இயற்பெயருடைய யோஷிமிட்சு. நீண்ட வாள்களை அவன் மிக அருகியே செய்தான். குறுவாள் வடிப்பதில் அவனுக்கு நிகர் எவருமிலர் என்பது யப்பானியர் துணிபு.

இக்குறுவாளை அவர்கள் 'தாந்தோ' என்பர். ஒரு 'ஷக்கு', அதாவது 30.3 சதமமீற்றருக்குக் குறைந்த அலகுடையதே தாந்தோ. உருக்கைப் பலமுறை மடித்து அடிப்பதால் அலகின் மேனியில் மரத்தின் இழையோட்டம் போன்ற வரிகள் தோன்றுகின்றன. பின்னர் அலகின்மீது களிமண் பூசுவர்; வாய்ப்புறத்தில் மெல்லிதாகவும் முதுகுப்புறத்தில் தடிப்பாகவும் பூசிக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். மண் மெல்லிதாயுள்ள வாய் விரைவிற் குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து வளைந்து கொடுக்குந் தன்மை பெறும். இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் வெண்ணிற எல்லையே 'ஹமோன்' எனப்படுந் தோய்ச்சற் கோடு. இழையோட்டமும் இக்கோடும் ஒவ்வொரு மரபுக்கும் வேறுபடுதலின், அவையே ஆராய்ச்சிக்கு அடிப்படையாயின.

அவதகுச்சி மரபின் இலக்கணம் யாது? அலகின் இழை மிக நுண்ணியதாய், அறுத்த பேரிக்காயின் சதை போன்று ஈரப்பளபளப்புடன் தோன்றும். தோய்ச்சற் கோடு பெரும்பாலும் நேராகச் செல்லும். அதன் விளிம்பில் நுண்ணிய வெள்ளிப் பொடி தூவினாற்போன்ற மணிகள் மின்னும். யோஷிமிட்சுவின் அலகுகளிலோ, அக்கோட்டின் அடியில் அவரை விதைகளை வரிசையாகப் பதித்தாற்போன்ற சிற்றலைகள் சிலவற்றைக் காணலாம். இவற்றைப் படத்தில் மட்டும் பார்த்து அறிதல் இயலாது. அலகை ஒளிக்கு எதிரே பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து நோக்கல் வேண்டும். ஐயமற்ற அலகுகள் பலவற்றைக் கண்டு பழகிய கண்ணுக்கே ஐயத்துக்குரியது புலப்படும்.

பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை 'நகாகோ' என்பர். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது அங்கேதான். யோஷிமிட்சு தன் பெயரை இரண்டே எழுத்துகளிற் பொறித்தான். புகழ்பெற்ற பெயராதலின், பிற்காலத்தார் தாம் செய்த அலகுகளிலும் அதனை வெட்டி விற்றனர். ஆகவே, பெயரை முதலிற் படித்து அலகைப் பின்னர் நோக்குவோன் எளிதில் ஏமாறுவான். அலகை முதலில் நோக்கிக் காலமும் மரபும் துணிந்து, அத்துணிபோடு பெயர் பொருந்துகின்றதா எனப் பார்ப்போனே நெறியறிந்தவன். யப்பானில் வாள் பயில்வோர் கூடும் அவைகளில் நகாகோவைத் துணியால் மறைத்து, அலகை மட்டுங் காட்டிக் கொல்லனைக் கூறுமாறு கேட்கும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது.

நகாகோவில் படிந்துள்ள கருந்துருவும் ஒரு சான்றாகும். நூற்றாண்டுகள் பல கழிந்தாலன்றி அந்நிறம் வாராது. பழமை அறியாத ஒருவர் அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குவாராயின், கல்வெட்டின் எழுத்தை உளியாற் செதுக்கி அழித்தவரே ஆவர். அலகைத் தாமே சாணை பிடித்தலும் அத்தகைய பிழையே. ஒவ்வொரு தீட்டலும் உருக்கில் ஒரு பகுதியைக் கொண்டுபோகும், போனது மீளாது. தேர்ந்த தீட்டுநரிடம் ஒப்படைத்தலே முறை. வெறுங்கையால் அலகைத் தொடலாகாது. கைவியர்வையே துருவுக்கு வித்தாகும். கிராம்பு எண்ணெயை மெல்லிதாகப் பூசி, அணிசெய்யப்படாத மரவுறையில் இட்டுப் பேணுவர்.

இனி, இக்குறுவாள்களின் வரலாற்றை நோக்குவாம். 1493 இல் ஹத்தகெயாமா மசநாகா என்னும் பிரபு, போரிலே தோல்வியுற்று யோஷிமிட்சுவின் குறுவாளால் தன்னுயிர் மாய்க்க முயன்றானாம். அலகு அவன் வயிற்றில் இறங்கவில்லை. சினந்து வீசியெறிய, அருகிலிருந்த இரும்பு மருந்தரைகலத்தை அது துளைத்ததாம். 'தோஷிரோவின் வாள் தன் தலைவனை ஊறுபடுத்தாது' என்னும் நம்பிக்கை இக்கதையோடு வளர்ந்தது. இது கர்ணபரம்பரையே எனினும், தலைவர்கள் இவற்றைத் தேடிக் குவித்தமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஹிதெயோஷி அவ்வாறு திரட்டிய அலகுகள் பல, 1615 இல் ஒசாக்காக் கோட்டை எரிந்தபோது தீயிற் பட்டுத் தோய்ச்சலை இழந்தன. தொகுகாவா இயயாசுவின் ஆணைப்படி யசுத்சுகு என்னுங் கொல்லன் அவற்றுட் சிலவற்றுக்கு மீண்டுந் தோய்ச்சல் கொடுத்தான். வடிவம் யோஷிமிட்சுவினது, தோய்ச்சற் கோடோ யசுத்சுகுவினது. இத்தகைய அலகில் முதற் கொல்லனின் கைத்திறனைத் தேடுவோன் எவ்வளவு எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்!

1719 இல் ஷோகுன் யோஷிமுனேயின் விருப்பப்படி ஹொனாமி குடும்பத்தார் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலொன்றைத் தொகுத்தனர். எரிந்தழிந்தவற்றையும் அதில் அவர்கள் குறித்து வைத்தமை பாராட்டற்குரியது. யோஷிமிட்சுவின் குறுவாள்களுள் 'அட்சுஷி தோஷிரோ' இன்று தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ளது. 21.8 சதமமீற்றர் நீளமேயுடைய அது, தன் அளவுக்கு மிஞ்சிய தடிப்பினாலேயே அப்பெயர் பெற்றது. அது யப்பானின் தேசியச் செல்வமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 இல், யப்பானியர் தம் வாள்களை ஒப்படைக்கப் பணிக்கப்பட்டனர். எண்ணற்றவை அழிக்கப்பட்டன, பல கடல் கடந்தன. கலைப்பெறுமதி உடையனவற்றையேனும் காத்தல் வேண்டும் என அறிஞர் மன்றாடினர். அதன் பயனாக அத்தகையன விலக்களிக்கப்பட்டன. 1948 இல் கலைவாட்களைப் பேணுதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அலகுகளை ஆராய்ந்து தகுதிப்படி சான்றிதழ் வழங்கும் பணியை அது புரிந்து வருகின்றது. யப்பானில் இத்தகைய அலகைப் பதிவுப் பத்திரமின்றி வைத்திருத்தல் குற்றம். அரசின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதலும் ஆகாது.

அக்காலத்தில் தொலைந்தவற்றுள் ககோஷிமா நகரின் தெருகுனி ஆலயத்துக்குரிய வாளொன்றும் இருந்தது. குனிமுனே என்னுங் கொல்லன் வடித்த அவ்வாள் அமெரிக்காவிலே வைத்தியர் வால்ற்றர் கொம்ப்ற்றன் என்னுஞ் சேகரிப்பாளர் கையை அடைந்தது. தாம் வாங்கியது இன்னதென அறிந்தபின், 1963 இல் ஒரு காசும் பெறாது அதனை ஆலயத்துக்கே அவர் திருப்பியளித்தார். அவதகுச்சி மரபைச் சார்ந்ததன்று எனினும், அவ்வாளின் வரலாறு இத்துறையிற் புகுவோர் அனைவருக்கும் உரியது. அவ்வாளை இன்னதென அவருக்கு அறிவித்தது அவர் பெற்ற கல்வி. அறிந்தபின் அதனைத் திருப்பியளிக்கச் செய்தது அவருடைய நெஞ்சு.

எனவே, சேகரிக்க விரும்பும் இளைஞர் பொருளை வாங்குமுன் நூல்களைப் பயில்க, நூதனசாலைகளில் நின்று நிதானமாக நோக்குக, அறிந்தோரை வினாவுக. பின்னர் ஓர் அலகு கைக்கு வருமாயின், தாம் அதற்கு உரிமையாளர் என எண்ணாது, அடுத்த தலைமுறைக்காக அதனைக் காக்குங் காவலர் என எண்ணுக. எழுநூறு ஆண்டுகளாக அக்குறுவாள்கள் எம்மிடம் வந்து சேர்ந்தமை, இடையிலே அவ்வாறு எண்ணியோர் சிலர் இருந்தமையாலன்றோ!