பழைய காரும் கடைக் கணக்கும்

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருந்த சமயம். புறக்கோட்டையில் எடுத்த துணிப் பொதிகளை, பின் ஆசனத்தை மடித்து ஏற்றிக்கொண்டு, எனது பழைய மாருதி 800 காரில் கண்டிக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது காரின் இழுவை குறைந்தது. வெப்பம் காட்டும் முள் மேலே போய், பிறகு திடீரென்று கீழே இறங்கியது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டினேன். அடுத்த வளைவில் என்ஜின் நின்றுவிட்டது.

முள் இறங்கியதன் காரணம் பின்னர்தான் விளங்கியது. தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் அந்த முள்ளுக்குச் சரியான சூடு தெரியாது. எனது என்ஜினின் அலுமினியத் தலை வளைந்து, கெஸ்கட் எரிந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெய் மூடியைத் திறந்தபோது உள்ளே பால் தேநீர் நிறத்தில் இருந்தது.

கராஜில் பாஸ் ஒரு கேள்விதான் கேட்டார். "முதலாளி, போன மாசமே இந்த ஹோஸ் வெடிச்சிரிக்கி, மாத்துங்கன்னு சொன்னேன்தானே?"

சொன்னார்தான். பெருநாள் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டேன்.

1,800 ரூபாவும் 86,000 ரூபாவும்

அந்த ரேடியேட்டர் ஹோஸின் விலை அன்று 1,800 ரூபா. தலையைக் கழற்றிச் சமப்படுத்தி, கெஸ்கட் மாற்றி, எண்ணெய் மாற்றி, கூலியும் கொடுத்தது 72,000 ரூபா. காரை இழுத்து வரவும் பொதிகளை வேறு வாகனத்தில் ஏற்றவும் 14,000 ரூபா. மொத்தம் 86,000. ஏறத்தாழ 48 மடங்கு! பெருநாள் சீசனில் இரண்டு நாள் வியாபாரம் பாழானது இந்தக் கணக்கில் சேரவில்லை.

"மாமா, இந்த டப்பாவ வித்துப் போடுங்களேன்" என்றார் என் மருமகன். வித்துவிட்டு எதை வாங்குவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோதும், வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரிக்கு எட்டுவதாக இருக்கவில்லை. ஆகவே நம்மில் பலர் பழைய சிறிய காரோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

மாருதி 800 இந்தியாவில் 1983 முதல் 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்டது. 796 சீ.சீ., மூன்று சிலிண்டர், எளிமையான என்ஜின். ஆனால் எவ்வளவு எளிய இயந்திரமும் கவனிப்பைக் கேட்கும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, தண்ணீர். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெறும் குழாய்த் தண்ணீர் உள்ளே துருவை உண்டாக்கும், கூலன்ட் ஊற்றுவதே நல்லது. மின்விசிறி சரியாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சூடு ஏறுகிறது என்று சிலர் தெர்மோஸ்டட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால் என்ஜின் சூடேறத் தாமதமாகி, பெற்றோல்தான் கூடுதலாகச் செலவாகும்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். பழைய கார் வாங்கும்போது அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மூன்றாவது, முன் சக்கரங்களுக்குப் போகும் அச்சிலுள்ள ரப்பர் உறை. இதை 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். பிறகு காரைத் திருப்பும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். சத்தம் வந்த பின் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஜொயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

நான்காவது, காபரேட்டர் உள்ள பழைய ரகங்கள். அதில் அழுக்குச் சேர்ந்தாலோ சரிப்படுத்தல் தவறினாலோ கறுப்புப் புகை வரும், பெற்றோல் கரையும். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. ஆகவே கடைசி நாளில் ஓடாமல் ஒரு மாதத்துக்கு முன்பே டியூன் செய்துகொள்ளுங்கள்.

உதிரிப்பாகம் வாங்கும்போது

பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய பாகத்தையும் கையோடு கொண்டு போங்கள். காரின் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். கதவு, கண்ணாடி, லாம்பு போன்றவற்றைப் பாவித்ததாக வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பிரேக், ஹோஸ், பெல்ட், டயர் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்குவது சிக்கனமல்ல. அவற்றில்தான் உங்கள் உயிரும் சரக்கும் தங்கியிருக்கின்றன.

காருக்கும் ஒரு பக்கம்

கடையில் ஒரு மீற்றர் துணிக்குக் கணக்கு வைத்திருந்த நான், காருக்குக் கணக்கு வைத்திருக்கவில்லை. அந்தப் பெருநாளுக்குப் பிறகுதான் கணக்குப் புத்தகத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கினேன். அடுத்த பன்னிரண்டு மாதங்களில், பெற்றோல் தவிர, எண்ணெய், பாகங்கள், கூலி, காப்புறுதி, அனுமதிப்பத்திரம் எல்லாமாக 114,000 ரூபா ஆனது. மாதத்துக்கு 9,500. மாதம் இரண்டு முறை புறக்கோட்டை போய்வரப் பெற்றோலுக்குச் சுமார் 12,000. ஆக 21,500. இதே இரண்டு பயணத்துக்கு வேன் கூலியாக என்னிடம் கேட்டது 44,000 ரூபா. இந்தப் பக்கத்தைக் காட்டியதும் மருமகன் விற்பனைப் பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது மாதம் 10,000 ரூபாவைக் காருக்கென்று தனியே எடுத்து வைக்கிறேன். பாஸ் "மாத்துங்க" என்றால் அன்றே மாற்றப் பணம் இருக்கிறது. செலவில்லாத மாதத்தின் மிச்சத்தையும் வேறு எதற்கும் தொடுவதில்லை.

ஆனால் ஓர் எல்லையும் உண்டு. என்ஜினைத் திருத்தலாம், கிளச்சை மாற்றலாம். காரின் அடித்தட்டும் சக்கரங்களைத் தாங்கும் இடங்களும் துருப்பிடித்து உதிரத் தொடங்கினால், டிங்கரிங் செய்து பெயின்ட் பூசினாலும் நிலைக்காது. புத்தளம், காத்தான்குடி போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் இதை வருடத்துக்கு ஒரு முறையாவது காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அந்த நிலை வந்தால் பாசத்தை விட்டு, காரையும் விட்டுவிடுங்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பழைய கார் நம்மை நட்டப்படுத்துவதில்லை. "பிறகு பார்ப்போம்" என்ற நமது சொல்தான் நட்டப்படுத்துகிறது. நாளைக் காலை கடைக்குப் புறப்பட முன் போனட்டைத் திறந்து ஹோஸை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.