கிரெடிட் கொடுப்பது யார்? ஆன்லைனில் உளவியலும் புள்ளியியலும் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. கொல்லிமலையில் இருக்கும் என் அக்கா மகள் கீழே ஒரு கல்லூரியில் இளங்கலை இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மேலே படித்தால் உளவியல்தான் என்று முடிவு பண்ணியிருக்கிறாள். "மாமா, ஆன்லைன்ல சைக்காலஜி ஒண்ணு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒண்ணு படிச்சா கிரெடிட்டா சேத்துக்குவாங்களாமே, எதை எடுக்கட்டும்?" என்று போனில் கேட்டாள். நானும் பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி ஒரு வெளிநாட்டுத் தளத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற இரண்டு கோர்ஸ்களைச் சொல்லிவிட்டேன். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி உட்கார்ந்து இரண்டையும் முடித்தாள். சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால், கல்லூரியில் "இது எங்க பட்டியல்ல இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. நான்தான் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். "எந்த கோர்ஸ் நல்ல கோர்ஸ்?" என்று தேடினேன். "இவள் கல்லூரி எதை ஏற்கும்?" என்பதைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வீட்டுத் தராசு என்ன காட்டினாலும், வாங்குகிறவர் தராசில் நிற்கும் எடைக்குத்தான் காசு. கிரெடிட்டும் அப்படித்தான். பாடம் நடத்துகிற தளம் சான்றிதழ் கொடுக்கலாம். அதைக் கிரெடிட்டாக எண்ணுவது பட்டம் கொடுக்கிற இடம் மட்டும்தான்.

விதி என்ன சொல்கிறது

இந்தியாவில் இதற்கென்று உள்ள அதிகாரபூர்வமான வழி ஸ்வயம். மத்திய அரசின் தளம், 2017 ஜூலையில் தொடங்கியது. இதில் வரும் பாடங்களை ஒரே ஆள் நடத்துவதில்லை. பொறியியலும் அறிவியலும் பெரும்பாலும் என்பிடெல் வழியாக வரும், அதாவது ஐஐடிகள் நடத்துவது. கலை, அறிவியல் இளங்கலைப் பாடங்கள் சிஇசி வழியாக வரும். இக்னோ தனியாக நடத்தும்.

ஸ்வயம் கிரெடிட்டுக்கான விதிமுறையை யூஜிசி 2016-இல் கொண்டுவந்தது. அப்போது ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் எடுக்கலாம் என்று இருந்தது. 2021 விதிமுறையில் அது 40 சதவீதம் ஆனது. இதைப் படித்துவிட்டு "அப்போ எதை வேணா எடுக்கலாம்" என்று நினைப்பதுதான் அடுத்த தப்பு. ஸ்வயத்தில் அந்தப் பருவத்துக்கு வந்திருக்கும் பாடங்களைப் பார்த்து, எவற்றுக்குக் கிரெடிட் தரலாம் என்று முதலில் கல்வி நிறுவனத்தின் கல்விக்குழு முடிவு செய்ய வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியே முடிவு செய்யும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் பக்கம் பார்க்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளுக்கு அது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். ஒப்புதல் பெற்ற பாடத்தைப் படித்துத் தேறினால், அந்த மதிப்பெண்ணை உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவார்கள்.

ஆக, முதல் வேலை துறைத்தலைவரிடம் அல்லது கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளரிடம் போய், "இந்தப் பருவத்துக்கு ஒப்புதல் ஆன பட்டியல் எங்கே?" என்று கேட்பது. வாய்வார்த்தையாக "எடுத்துக்கோ, பாத்துக்கலாம்" என்றால் போதாது. எழுத்தில் வேண்டும்.

கிரெடிட் கணக்கு

என்பிடெல் பாடங்களில் பொதுவாக 4 வாரம் என்றால் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. உங்கள் பாடத்திட்டத்தில் அந்தத் தாளுக்கு 4 கிரெடிட் என்றால், 12 வாரப் பாடம் ஒன்று அதை முழுசாக நிரப்பாது. மீதி 1 கிரெடிட்டுக்கு என்ன வழி என்று முன்னாலேயே கேட்க வேண்டும். 8 வாரப் பாடம் சீக்கிரம் முடியும் என்று ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, பிறகு 2 கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

அடுத்து தேர்வு. வீடியோ பார்ப்பதற்கும் பாடத்தில் சேர்வதற்கும் காசு கிடையாது. ஆனால் கிரெடிட் வேண்டுமென்றால் மேற்பார்வையோடு நடக்கும் தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். அதற்குத் தனியாகப் பதிவு, தனியாகக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. பாடத்தில் சேர்ந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து இந்தத் தேதியைத் தவறவிடுவது சகஜம். என்பிடெல் தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் என்றும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி என்றும் வைத்திருந்தார்கள். சேரும்போது அந்தப் பருவத்தின் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைப்பிள்ளைகள் பலரிடம் பழங்குடிச் சான்றிதழ் இருக்கும், அதைப் பதிவின்போதே கையில் வைத்திருப்பது நல்லது.

என்பிடெல்லில் வாரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: பயிற்சியில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30. 12 வாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்த 8 பயிற்சிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாரம் நெட் கிடைக்காமல் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கொல்லிமலைக்காரர்களுக்கு நல்ல செய்தி. தேர்வு காலை 9 மணி, மதியம் 2 மணி என்று இரண்டு வேளை நடக்கும். தேர்ந்தெடுக்க வழி இருந்தால் மதியத்தை எடுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் மாறி, 9 மணிக்கு மையத்தில் உட்கார்வது லேசுப்பட்ட காரியமில்லை.

பாடம் பொருந்துகிறதா?

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, உள்ளடக்கமும் பொருந்த வேண்டும். புள்ளியியலில் இது முக்கியம். உளவியல் படிப்புக்கான புள்ளியியல் என்றால் சராசரி, திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல், ஒட்டுறவு, டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று போகும். பொறியியல் மாணவர்களுக்கான நிகழ்தகவுப் பாடம் வேறு. அங்கே தொகையீடும் வகையீடும் முதல் மாதத்திலேயே வந்து நிற்கும். ஐஐடி கான்பூரின் ஷலப் நடத்திய 'டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வித் ஆர் சாஃப்ட்வேர்' நல்ல தொடக்கப் பாடம். ஆனால் பெயரிலேயே இருக்கிறது: அது விவரப் புள்ளியியல். உங்கள் தாளில் டி-சோதனை இருந்தால் அது மட்டும் போதாது. தவிர, ஆர் மென்பொருளை ஓட்டிப் பழகக் கணினி வேண்டும். போன் மட்டும் இருப்பவர்கள் கல்லூரிக் கணினி அறையில் நேரம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கல்லூரிப் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகள், வலப்பக்கம் ஆன்லைன் பாடத்தின் வாரங்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். எந்த அலகுக்கும் கோடு வராமல் இருந்தால் அந்தப் பாடம் வேண்டாம்.

உளவியலில் ஒரு எச்சரிக்கை

ஒரு பாடத்தை ஆன்லைனில் படிப்பதும் முழுப் பட்டத்தையே ஆன்லைனில் வாங்குவதும் ஒன்றல்ல. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யூஜிசி 2025-இல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடைமுறை. "வீட்டிலிருந்தே எம்எஸ்சி சைக்காலஜி" என்று யாராவது புதிதாகச் சேர்க்கை நடத்தினால் பணம் கட்டும் முன் யூஜிசி இணையதளத்தைப் பாருங்கள். அதேபோல, எத்தனை ஆன்லைன் சான்றிதழ் சேர்த்தாலும் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பும் பதிவும் வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே ஏபி சைக்காலஜி, ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எழுதுகிறார்கள். கிளெப் தேர்வில் அறிமுக உளவியல் இருக்கிறது. அமெரிக்கக் கல்விக் குழு இன்ன மதிப்பெண்ணுக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கும். அது பரிந்துரை மட்டுமே. ஏபியில் 3 எடுத்தாலே ஏற்கும் கல்லூரியும் உண்டு, 5 கேட்கும் கல்லூரியும் உண்டு. அங்கேயும் தராசு வாங்குகிறவர் கையில்தான்.

சேர்த்து வைக்க

யூஜிசி 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கியில், ஏபிசி என்பார்கள், கணக்குத் தொடங்கிவிடுங்கள். டிஜிலாக்கர் வழியாகவே முடியும். அதில் சேரும் கிரெடிட் 7 வருஷம் வரை செல்லும். இடையில் படிப்பை நிறுத்தி மறுபடி தொடர்கிறவர்களுக்கு, முக்கியமாகக் கல்யாணம், வேலை என்று விட்டுப்போகும் பெண்பிள்ளைகளுக்கு, இது பெரிய துணை. ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு சான்றிதழும் வீண் என்று சொல்ல மாட்டேன், படித்தது படித்ததுதான். ஆனால் அவள் செலவழித்த நான்கு மாதத்துக்கு நான் பொறுப்பு. இந்தத் தடவை அவள் எங்கும் சேர்வதற்கு முன்னால் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பாடத்தின் பெயர், நடத்தும் நிறுவனம், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்தத் தாளுக்குப் பதிலாக என்று ஐந்தே வரி. அலகுகளைக் கோடு போட்டு இணைத்த தாளையும் பின்னால் குத்தியிருந்தாள். ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் படம் அனுப்பினாள். "மாமா, பதில் வந்தப்புறம்தான் சேருவேன்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டுவிட்டாள்.