ஏப்ரல் 23: ஒரே தேதி, வேறு கிழமை

தேதி சொல்லும் கதை – 16

உலகப் புத்தக தினக் கூட்டம் எங்கே நடந்தாலும், மேடை ஏறும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்: ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் நாவலாசிரியர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் காலமானார்கள். கேட்பவர்களும் வியந்து தலையாட்டுவார்கள். 1995-இல் யுனெஸ்கோ இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணமும் இதுதான். ஆனால், செர்வாண்டிஸ் இறந்தது வெள்ளிக்கிழமை. ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை.

செர்வாண்டிசின் கடைசி நாட்கள் ஓரளவு நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. மாட்ரிட் நகரில், லியோன் தெருவில் இருந்தது அவர் வீடு. உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, தீராத தாகத்தோடு கிடந்தார். ஏப்ரல் 18 அன்று பாதிரியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு மனிதர்கள் சாதாரணமாகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். இவரோ மறுநாள் 19-ஆம் தேதி, தன் கடைசி நாவலுக்குக் காணிக்கையுரை எழுதினார்! தன்னை ஆதரித்த லெமோஸ் பிரபுவுக்கு எழுதிய அந்த உரையில், நேற்றுதான் கடைசிச் சடங்கு முடிந்தது என்பதையும் விளையாட்டாகவே குறிப்பிட்டார். 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உயிர் பிரிந்தது.

மறுநாள் திரித்துவ சபைக் கன்னியர் மடத்தில் அடக்கம். அந்த இடத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1571-இல் லெபாண்டோ கடற்போரில் இடது கை விளங்காமல் போனவர் அவர். 1575-இல் கடற்கொள்ளையர்களிடம் சிக்கி, அல்ஜியர்சில் ஐந்து ஆண்டுகள் அடிமையாகக் கிடந்தார். மீட்புப் பணம் கட்டி அவரை விடுவித்தவர்கள் திரித்துவ சபைத் துறவிகள்தான். பங்குக் கோயில் பதிவேட்டில் 23 என்று இருப்பதற்குக் காரணம், அங்கே அடக்கம் செய்த தேதியையே எழுதி வைக்கும் வழக்கம்தான். ஆக, முதல் கோணல் இங்கேயே.

இரண்டாவது கோணல் பெரியது. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி, ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் அதிகமாகக் கணக்குப் போட்டுவிட்டது. பதினொரு நிமிடம்தானே என்று விட்டதில், பதினாறாம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் சேர்ந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகை பருவம் தப்பி நகர்ந்துகொண்டே போனது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் அந்தப் பத்து நாளையும் வெட்டி எறிந்தார். அக்டோபர் 4 வியாழக்கிழமை தூங்கப் போன ஸ்பெயின்காரர்கள், அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை கண் விழித்தார்கள். போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து பழைய கணக்கிலேயே நின்றது. எனவே ஷேக்ஸ்பியர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏப்ரல் 23 என்றால், அன்று மாட்ரிட்டில் மே 3. செர்வாண்டிஸ் போய்ப் பதினொரு நாள் கழித்துத்தான் ஷேக்ஸ்பியர் போனார்.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்பார்கள். பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பது மட்டும்தான். அதிலிருந்து மூன்று நாளைக் கழித்து, இறந்த தேதியோடு பொருத்தி, தேசத்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இதில் நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதியிலேயே பணி ஓய்வு பெற்ற தாத்தாக்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

புத்தக தினமே இடம் மாறி வந்ததுதான். பார்சலோனாவில் பதிப்பகம் நடத்திய விசென்ட் கிளாவெல் என்பவரின் யோசனை அது. 1926-இல் ஸ்பெயின் அதை முதலில் கொண்டாடியது அக்டோபர் 7 அன்று. அது செர்வாண்டிசின் பிறந்த நாள் என்று கணக்கு. தெருவில் கடை விரிக்க வசந்த காலம்தான் தோது என்று 1930-இல் ஏப்ரல் 23-க்கு மாற்றினார்கள். கட்டலோனியாவின் காவல் புனிதரும் ஜார்ஜ்தான். அவர் திருநாளில் பார்சலோனாவில் ஏற்கெனவே ரோஜாப்பூ வியாபாரம் அமோகமாக நடந்துவந்தது. ரோஜாவோடு புத்தகமும் சேர்ந்துகொண்டது. இன்றும் அந்த நகரத்தின் ரம்பிளா வீதியில் அன்றைக்கு நடக்க இடமிருக்காது. வேடிக்கை என்னவென்றால், ஷேக்ஸ்பியரின் சொந்த நாடு புத்தக தினத்தை ஏப்ரலில் கொண்டாடுவதில்லை. பள்ளி விடுமுறையில் மாட்டிக்கொள்ளும் என்று மார்ச் முதல் வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டது.

அதே புனிதர் ஜார்ஜ் நம் ஊருக்கும் வந்தார். மதராசுக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய கோட்டை ஏப்ரல் 23 திருநாளை ஒட்டி அவர் பெயரைப் பெற்றது. 1640 என்று சொல்பவர்களும் உண்டு, 1644 என்பவர்களும் உண்டு. தலைமைச் செயலகத்துக்கு மனு கொண்டுபோகிறவர்கள் நுழைவது அந்தக் கோட்டைக்குள்தான். எந்த ஆண்டாக இருந்தாலும், அது பழைய கணக்கின் ஏப்ரல் 23. ஆகஸ்ட் 22 அன்று நாம் கொண்டாடும் சென்னை தினத்துக்கும் இதே வில்லங்கம் உண்டு. 1639-இன் அந்த நாள், இன்றைய கணக்குப்படி செப்டம்பர் 1.

இந்தக் குழப்பம் நம் கடற்கரையில் நெடுங்காலம் நடைமுறையாகவே இருந்தது. மதராசில் ஆங்கிலேயர் பழைய தேதி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் புதுத் தேதி. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மதராசைப் பிடித்தபோது, கோட்டை பணிந்தது ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. புதுச்சேரியிலிருந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருடம், புரட்டாசி மாதம். தோற்றவன், ஜெயித்தவன், பார்த்தவன் மூவருக்கும் மூன்று தேதி. கிழமை மட்டும்தான் மூவருக்கும் பொது. எனக்கென்னவோ பழைய ஆவணங்களில் கிழமையைத்தான் அதிகம் நம்பத் தோன்றுகிறது. 1752-இல்தான் பிரிட்டன் வழிக்கு வந்தது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. கம்பெனி ஊழியர்களுக்கும் அதே கணக்கு.

எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ் கதை இதைவிட ருசியானது. ரஷ்யா 1918 வரை பழைய கணக்கை விடவில்லை. 1899-இல் பீட்டர்ஸ்பர்கில் அவர் பிறந்தது அங்கே ஏப்ரல் 10. அப்போது வித்தியாசம் 12 நாள், ஆக நமக்கு 22. மறு வருடம் 1900. பழைய நாட்காட்டியில் அது லீப் வருடம், புதியதில் இல்லை. வித்தியாசம் 13 ஆனது. பிறந்த நாளும் 23-க்கு நகர்ந்தது. பாஸ்போர்ட்டிலும் அதுவே நின்றது. ஷேக்ஸ்பியரோடு பிறந்த நாளைப் பங்கிட்டுக்கொள்ள எந்த எழுத்தாளருக்குக் கசக்கும்?

சந்தேகமே இல்லாத ஏப்ரல் 23-களும் உண்டு. 1850-இல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் மறைந்தார். 1938-இல் குண்டூர் மாவட்டத்தில் எஸ். ஜானகி பிறந்தார், ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய குரல். 1992-இல் கொல்கத்தாவில் சத்யஜித் ராய் கண் மூடினார். ஒரு மாதத்துக்கு முன்தான் ஆஸ்கர் அவர் மருத்துவமனைப் படுக்கையைத் தேடி வந்திருந்தது.

2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபின் முதல் காணொளி ஏறியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, தும்பிக்கை நீளம் என்று 19 விநாடி பேசுகிறார். கலிபோர்னியாவில் அப்போது இரவு எட்டரை. சென்னையில் 24-ஆம் தேதி காலை ஒன்பது மணி, ஞாயிற்றுக்கிழமை.

(தொடரும்)