கணக்கில் அடங்கும் இழப்பும் அடங்காத இழப்பும்

பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதுவாயினும் அதில் இடர் உண்டு என்பதை எல்லாரும் அறிவர். ஆனால், எல்லா இடரும் ஒரே வகையானவை அல்ல. சில இழப்புகளைத் தாளும் பேனாவும் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். வேறு சில இழப்புகளை எந்தக் கணக்காலும் அளக்க முடியாது. வெளிநாடுகளிலிருந்து இயங்கும் இணையச் சூதாட்டத் தளங்களில் இவ்விரு வகை இழப்புகளும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கைப்பேசித் திரையில் மின்னும் விளம்பரம் முதல் வகையை மறைக்கிறது. இரண்டாம் வகையைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்த்தால்தான் அத்தளங்களின் உண்மையான தன்மை விளங்கும்.

ஆட்டத்திற்குள் இருக்கும் கணக்கு

ரூலெட் எனப்படும் சுழல்சக்கர ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள் உள்ளன. ஒருவர் ஓர் எண்ணின்மீது 1 வெள்ளி வைக்கிறார். பந்து அந்த எண்ணில் வந்து நின்றால், அவர் வைத்த வெள்ளியுடன் மேலும் 35 வெள்ளி கிடைக்கும். ஆக மொத்தம் 36 வெள்ளி. இப்போது அவர் 37 எண்களின்மீதும் ஆளுக்கு ஒன்றாக அன்றி, எண்ணுக்கு ஒரு வெள்ளியாகத் தாமே வைத்துவிட்டார் என்று கொள்வோம். எந்த எண் விழுந்தாலும் அவருக்கு ‘வெற்றி’தான். ஆயினும், அவர் 37 வெள்ளி கொடுத்து 36 வெள்ளியையே திரும்பப் பெறுகிறார். எஞ்சிய ஒரு வெள்ளி ஆட்டத்தை நடத்துபவரின் பங்கு. இது ஏறத்தாழ 2.7 விழுக்காடு. அமெரிக்க முறைச் சக்கரத்தில் கூடுதலாக இரட்டைச் சுழியமும் இருப்பதால் இடங்கள் 38 ஆகின்றன, பரிசோ மாறுவதில்லை. அதனால் நடத்துபவரின் பங்கு 5.26 விழுக்காடாக உயர்கிறது.

இந்தப் பங்கு ஏமாற்று வேலையால் வருவதன்று. ஆட்டத்தின் விதியிலேயே அமைந்திருப்பது. ஆட்டம் முற்றிலும் நேர்மையாக நடந்தாலும், நெடுநேரம் ஆடுபவரின் பணம் நடத்துபவரை நோக்கியே நகரும்.

இணையத்தில் பலரும் ஆடும் ‘ஸ்லாட்’ ஆட்டத்திலும் இதே கணக்குத்தான். ஓர் ஆட்டம் 96 விழுக்காட்டுப் பணத்தைத் திருப்பித் தரும் என்று விளம்பரம் செய்யப்படலாம். நூறு வெள்ளி போட்டால் நான்கு வெள்ளிதானே போகும் என்று தோன்றும். ஆனால், அந்த நான்கு விழுக்காடு கையிலுள்ள பணத்திற்கு ஒருமுறை மட்டும் கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் வைக்கப்படும் பணத்திற்குக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் நிமிடத்திற்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 1 வெள்ளி வைத்து ஆடினால், ஒரு மணி நேரத்தில் அவர் வைத்த பணம் 600 வெள்ளி. அதில் நான்கு விழுக்காடு 24 வெள்ளி. அவர் 50 வெள்ளியுடன் தொடங்கியிருந்தால், சராசரியாக இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது கரைந்துவிடும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். இடையில் பெரிய தொகை விழவும் கூடும். ஆனால், ஆட்டம் நீள நீள, சராசரியே வெல்லும்.

‘இலவசம்’ என்னும் தூண்டில்

புதிதாகச் சேர்வோருக்கு ‘100 வெள்ளி இலவசம்’ என்று பல தளங்கள் அறிவிக்கின்றன. அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். எடுத்துக்காட்டாக, அந்தத் தொகையைப்போல் 30 மடங்கு பணத்தை ஆட்டத்தில் வைத்த பின்னரே வென்ற பணத்தை எடுக்கலாம் என்று அது கூறலாம். 100 வெள்ளியின் 30 மடங்கு 3,000 வெள்ளி. மேலே கண்ட நான்கு விழுக்காட்டின்படி, 3,000 வெள்ளியை ஆட்டத்தில் வைப்பவர் சராசரியாக 120 வெள்ளியை இழப்பார். அவருக்குக் கிடைத்த இலவசமோ 100 வெள்ளி. கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு இலவசம் என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இழந்ததை மீட்டுவிடலாம் என்னும் எண்ணமும் ஒரு தூண்டில்தான். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி, மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்டக்கூடத்தில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பு நிறத்திலேயே விழுந்தது. ‘இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டது, அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும்’ என்று நம்பிச் சிவப்பின்மீது பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தனர். சக்கரத்திற்கு நினைவாற்றல் இல்லை. முந்திய சுற்றில் என்ன நடந்தது என்பது அடுத்த சுற்றுக்குத் தெரியாது. இணைய ஆட்டங்களில் சக்கரத்திற்குப் பதிலாகக் கணினி நிரல் எண்களைத் தேர்ந்தெடுக்கிறது. நேர்மையாக எழுதப்பட்ட நிரலுக்கும் இதே இயல்புதான். தொடர்ந்து தோற்றவருக்கு வெற்றி ‘கடன்பட்டிருப்பதில்லை’.

தளத்தை நடத்துவது யார்?

இதுவரை கண்டவை கணக்கில் அடங்கும் இழப்புகள். ஆட்டம் நேர்மையானது என்று கொண்டே அவை கணக்கிடப்பட்டன. நேர்மையானதுதானா என்பதை யார் சரிபார்க்கிறார்கள் என்னும் கேள்வியில்தான் இரண்டாம் வகை இடர் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் ஒருவர் கைப்பேசியில் ஆடும் தளத்தின் நிறுவனம் ஒரு நாட்டில் பதிவாகியிருக்கும். அதன் கணினிகள் இன்னொரு நாட்டில் இருக்கும். பணம் மூன்றாவது நாட்டின் வழியாகச் செல்லும். வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியக் கடலில் உள்ள குராசாவ் என்னும் சிறு தீவு இத்தகைய தளங்கள் பலவற்றுக்குத் தாயகமாக விளங்குகிறது. அங்கு நெடுங்காலமாக ஒருசில நிறுவனங்கள் தலைமை உரிமம் பெற்று, அதன்கீழ் எண்ணற்ற தளங்களுக்குத் துணை உரிமங்களை வழங்கிவந்தன. மேற்பார்வை போதவில்லை என்ற குறை நீண்டநாள் இருந்ததால், 2024ஆம் ஆண்டின் இறுதியில்தான் அத்தீவு புதிய சட்டத்தின்மூலம் அம்முறையை மாற்றியது.

உரிமம் வழங்கும் நாடே கதவை மூடிவிடுவதும் உண்டு. கம்போடியா 2019ஆம் ஆண்டில் இணையச் சூதாட்ட உரிமங்களை நிறுத்த முடிவு செய்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் குறிவைத்து இயங்கிய தளங்களுக்குப் பிலிப்பீன்ஸ் 2024ஆம் ஆண்டு தடை அறிவித்தது. மோசடி, ஆட்கடத்தல் போன்ற குற்றங்களுடன் அவற்றுள் சில தொடர்புபட்டிருந்தது அதற்கு முக்கியக் காரணம். இன்று இருக்கும் தளம் நாளை வேறு பெயரில் வேறு நாட்டிலிருந்து இயங்கலாம். ஆடியவரின் கணக்கில் எஞ்சியிருந்த பணம் அதனுடன் பயணம் செய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

வென்றவருக்கும் சிக்கல் உண்டு. பணத்தை எடுக்க முயலும்போது, அடையாள அட்டையின் படம், வங்கி விவரம், முகத்தின் ஒளிப்படம் என்று தளம் ஒவ்வொன்றாகக் கேட்கலாம். விதிமீறல் என்று கூறிக் கணக்கை முடக்கலாம். பதிலே சொல்லாமலும் இருந்துவிடலாம். அப்போது எங்கே முறையிடுவது? சிங்கப்பூர்ச் சட்டப்படி, சட்டவிரோதச் சூதாட்டத்தில் வென்ற பணத்தைக் கேட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. தோற்றால் பணம் உடனே போய்விடும். வென்றால் அது வருவது எதிர்த்தரப்பின் விருப்பத்தைப் பொறுத்தது. இந்த இடரை எந்த விழுக்காட்டிலும் எழுத இயலாது.

சட்டமும் பாதுகாப்பும்

சிங்கப்பூர் 2014ஆம் ஆண்டில் தொலைச் சூதாட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதியில்லாத தளங்களை முடக்கவும் அவற்றுக்குச் செல்லும் பணத்தைத் தடுக்கவும் அது வழிசெய்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அன்றே சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமும் அமைக்கப்பட்டது. உரிமம் இல்லாத தளத்தில் ஆடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தளம் தன் நாட்டில் உரிமம் பெற்றிருக்கிறது என்பது இங்கே சாக்காகாது.

தீபாவளி நாளில் உறவினர்கள் வீட்டில் கூடிச் சிறு தொகை வைத்துச் சீட்டாடுவதை யாரும் இலாபத்தொழிலாக்காதவரை சட்டம் அனுமதிக்கிறது. அதே உறவினர்கள் அதே ஆட்டத்தை இணையத்தில் பணம் வைத்து ஆட அனுமதியில்லை. நேருக்கு நேர் ஆடும்போது யார் ஆடுகிறார், அவருக்கு என்ன வயது, எவ்வளவு இழந்தார் என்பது கூடியிருப்போருக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் அது தெரியாது.

இந்த வேறுபாடு முக்கியமானது. உள்நாட்டுச் சூதாட்டக்கூடங்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழைய முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். தம்மைத் தாமே விலக்கிவைத்துக்கொள்ளவும், பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இவை சூதாட்டத்தை நல்லதாக்கிவிடவில்லை. ஆனால், சறுக்குபவரைப் பிடித்து நிறுத்தும் படிகளாக உள்ளன. வெளிநாட்டுத் தளத்தில் அத்தகைய படி எதுவும் இல்லை. நள்ளிரவிலும், படுக்கையறையிலும், பேருந்திலும் அது திறந்தே கிடக்கிறது. மாறாக, இரண்டு நாள் ஆடாதவருக்கு ‘உங்களுக்காகப் பரிசு காத்திருக்கிறது’ என்று குறுஞ்செய்தி வருகிறது.

ஆடாதவர்களையும் இந்த வலை இழுக்கக்கூடும். சட்டவிரோதத் தளங்களுக்கு வரும் பணம் நேரடியாக அவற்றின் பெயரில் செல்ல முடியாததால், பிறருடைய வங்கிக் கணக்குகள் தேவைப்படுகின்றன. ‘உன் கணக்கைச் சில நாள் கொடு, நூறு வெள்ளி தருகிறோம்’ என்று இளையர்களை முகவர்கள் அணுகுவதுண்டு. அப்படிக் கொடுத்தவரின் கணக்கு முடக்கப்படலாம். அவர் காவல்துறை விசாரணைக்கும் உள்ளாகலாம். கடவுச்சொல்லைக் கொடுத்தது நட்புக்காக என்பது அவரைக் காப்பாற்றாது.

தராசின் இரு தட்டுகள்

எந்த இடரையும் எடைபோடும்போது, கிடைக்கக்கூடியது என்ன, இழக்கக்கூடியது என்ன என்று இரு தட்டிலும் வைத்துப் பார்ப்பது முறை. ஒரு தட்டில் சில நிமிடப் பரபரப்பும், எப்போதாவது கிடைக்கும் வெற்றியும் இருக்கின்றன. மறு தட்டில் கணக்கிடக்கூடிய பண இழப்பு இருக்கிறது. அதன்மேல், கணக்கிட முடியாத வேறு சுமைகளும் ஏறுகின்றன: கைக்கு வராத பரிசு, பிறர் கைக்குப் போன அடையாள விவரங்கள், சட்ட நடவடிக்கை, இழந்ததை மீட்க உரிமமில்லாத கடன்கொடுப்போரிடம் வாங்கிய கடன், குடும்பத்தில் முறிந்த நம்பிக்கை.

சூதைப் பற்றித் திருவள்ளுவர் தனி அதிகாரமே எழுதியுள்ளார். திருக்குறளின் 94ஆவது அதிகாரமாகிய அது தோல்வியை அல்ல, வெற்றியை எச்சரிப்பதிலிருந்தே தொடங்குகிறது. தோற்றவர் எழுந்து போய்விடலாம். வென்றவர்தான் மீண்டும் வந்து அமர்கிறார். முதல்நாள் வென்ற ஐம்பது வெள்ளியே பின்னாளில் போகும் ஐயாயிரம் வெள்ளிக்கு வழி திறந்துவிடுகிறது.

தாமோ தம் வீட்டாரோ ஏற்கெனவே இதில் சிக்கியிருந்தால், மறைத்துவைப்பது இழப்பைப் பெருக்கவே செய்யும். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ முதலில் பேசலாம். சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்தின் 1800-6-668-668 என்னும் உதவித் தொலைபேசி எண்ணை ஆடுபவர் மட்டுமன்றி, அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் அழைக்கலாம். இழந்த பணத்தை ஆட்டத்தால் மீட்க முடியாது. ஆட்டத்தை நிறுத்திய நாளிலிருந்து இழப்பு வளராமல் இருக்கும் என்பது மட்டும் உறுதியான கணக்கு.