உங்களுக்குத் தெரியுமா?
ஆளுநரை நீக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை!

ரிசர்வ் வங்கி ஆளுநரை மத்திய அரசு நினைத்தால் பதவியிலிருந்து நீக்கலாம். 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. என்ன காரணத்துக்காக நீக்கலாம் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் ஆளுநர் குழு உறுப்பினரை அதிபர் நீக்க வேண்டுமானால் தக்க காரணம் இருந்தாக வேண்டும்.

நியமன முறை பிற்பாடு மாறியது. ஆங்கிலேயர் காலத்தில், வங்கியின் மத்திய இயக்குநர் குழு பரிந்துரைத்தால் அதைப் பரிசீலித்த பிறகே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1949-இல் வங்கி நாட்டுடைமையானதும் நியமன அதிகாரம் முழுவதும் மத்திய அரசின் கைக்குப் போனது. ஒரு முறை நியமித்தால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள், மறுநியமனத்துக்குத் தடையில்லை.

எழுத்தில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாமலே ஆளுநரை வெளியேற வைக்க முடியும் என்பதற்கு பெனகல் ராம ராவ் சாட்சி. 1949 முதல் ஏழரை ஆண்டு பதவியில் இருந்தவர். இன்றுவரை அதுவே மிக நீண்ட காலம். 1956-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி வணிக உண்டியல்கள் (மாற்றுச் சீட்டுகள்) மீதான முத்திரைத் தீர்வையைக் கூட்டினார். அது மறைமுகமாக வட்டி விகிதத்தையே உயர்த்துகிறது, வட்டியைத் தீர்மானிப்பது வங்கியின் வேலை என்றார் ராவ். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் பிரதமர் நேரு அமைச்சரின் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராவ் தாமாகவே பதவி விலகினார்.