ஒரு பல்பு போனால் சரமே இருட்டு!

கொலுப் படி கட்டியாகி விட்டது. பொம்மைகளும் வரிசையாக அமர்ந்து விட்டன. பரணிலிருந்து இறக்கிய சீரியல் விளக்குச் சரத்தைப் படிகளைச் சுற்றிப் போட்டு, ஸ்விட்சைத் தட்டுகிறீர்கள். ஒரு பல்பு கூட எரியவில்லை! சென்ற வருஷம் ஜெகஜ்ஜோதியாக எரிந்த சரம்தான். எங்கோ ஒரே ஒரு பல்பு உயிரை விட்டிருக்கிறது. அதற்காக மற்றவை எல்லாம் துக்கம் காக்கின்றன.

இது என்ன அநியாயம்? கூடத்து விளக்கு போனால் சமையலறை விளக்கு எரியாமலா இருக்கிறது?

வீட்டு விளக்கு ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் போக வரத் தனி வழி உண்டு. சரத்திலோ, பூத் தொடுத்த மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். ஒரு பல்பைக் கடந்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும்.

கோயிலில் தரிசனத்துக்கு நிற்கும் க்யூவை நினைத்துக் கொள்ளுங்கள். நகரும் கூட்டம்தான் மின்னோட்டம். அதை ஆம்பியரில் அளக்கிறோம். பின்னாலிருந்து நெருக்கித் தள்ளும் வேகம் மின்னழுத்தம், அது வோல்ட். வழியிலுள்ள குறுகலான வாசல்கள் மின்தடை, அது ஓம். ஒரே வரிசையானதால் எந்த வாசலிலும் நிமிஷத்துக்கு ஒரே எண்ணிக்கையில்தான் ஆட்கள் நுழைவார்கள். தள்ளுகிற வேகமோ ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகி விடும்.

இந்தக் கணக்கை 1827-ல் புத்தகமாக வெளியிட்டவர், ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம். அன்று அதை மதித்தவர்கள் சிலரே. 1841-ல்தான் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

நம் சரத்துக்கு அவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? 46 பல்புகள், எரியும்போது ஒவ்வொன்றின் தடையும் 50 ஓம் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 2,300 ஓம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால், ஓடுவது 0.1 ஆம்பியர். ஒவ்வொரு பல்பின் பங்குக்கும் 5 வோல்ட்தான்.

"போன பல்பை வெட்டி விட்டுக் கம்பியை முறுக்கி விட்டால் ஆச்சு!" என்பார் வீட்டில் ஒருவர். சரம் எரியும், வாஸ்தவம். ஆனால் இப்படி ஆறு பல்புகளை எடுத்து விட்டால், மீதி நாற்பதின் தலையிலும் 5¾ வோல்ட் ஏறும். அளவுக்கு மீறிச் சூடாகி, அவையும் சீக்கிரமே போய் விடும்.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "எல்லாம் அணைந்துதானே இருக்கிறது, ஐந்து வோல்ட் பல்பு என்ன செய்து விடும்?" என்று பல்பு கழன்ற குழியில் கை வைக்கிறோமே, அங்கேதான்! க்யூவின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினால் என்ன ஆகும்? கூட்டம் நின்று விடும்; ஆனால் அத்தனை பேருடைய நெருக்கலும் அந்தக் கயிற்றின் மேல்தான் விழும். அதே போல், ஓட்டம் நின்ற சரத்தில் எந்தப் பல்பும் தன் பங்கு வோல்ட்டை எடுத்துக் கொள்வதில்லை. 230 வோல்ட்டும் அறுந்த அந்த ஓர் இடத்திலேயே காத்துக் கொண்டிருக்கிறது. அங்கே விரல் பட்டால், நம் உடம்பே ஒரு பல்பாகி விடும். ஈரக் கையானால் உடம்பின் தடை வெகுவாகக் குறைந்து போகும். சின்னப் பல்பை எரிக்கிற அதே 0.1 ஆம்பியர், மார்பின் வழியே பாய்ந்தால் இதயத்தை நிறுத்தப் போதுமானது.

இன்றைய எல்.ஈ.டி. சரங்களிலும் விளக்குகளைப் பெரும்பாலும் தொடராகத்தான் கோக்கிறார்கள். குறைந்த வோல்ட்டில் எரியும் அடாப்டர் சரமானால் அபாயம் குறைவு. மற்றபடி, சரத்தைத் தொடுமுன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி விடுங்கள். காலிக் குழியோ, அறுந்த கம்பியோ உள்ள சரத்தைக் குழந்தைகளுக்கு எட்டும் கீழ்ப்படியில் மாட்டாதீர்கள்.

எரிகிற சரத்தைக் கண்டு குழந்தைகள் குதூகலிக்கட்டும். எரியாத சரத்தைக் கண்டுதான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.