மூளைக்காய்ச்சலும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: வசூலுக்கு முன் விசாரிப்போம்

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் விரிக்கப்படும் துண்டும், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் மருத்துவ உதவி வேண்டுகோள்களும் நமக்குப் புதிதல்ல. சிறுநீரகத்துக்கு, இதய அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டுவந்த அந்த வேண்டுகோள்களில் இப்போது 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது. மூளைக்காய்ச்சலால் கை கால் முடங்கிய பிள்ளை, பேச்சு நின்றுபோன பிள்ளை என்று படத்தோடு செய்தி வந்தால் எந்த மனம்தான் இளகாது? வெளிநாட்டில் இருப்பவர் உடனே அனுப்புகிறார், தாய் நகையைக் கழற்றிக் கொடுக்கிறார். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதை யாராவது விளக்க வேண்டும் அல்லவா?

முதலில் நோயைப் பார்ப்போம். வைரஸ் கிருமிகள் பல வழிகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. நம் பகுதிக்கு நெருக்கமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரில் ஜப்பான் இருந்தாலும், இந்தியாவில் இது முதன்முதலில் 1955ல் அடையாளம் காணப்பட்டது வேலூரில்தான். க்யூலெக்ஸ் இனக் கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. அவை சாக்கடையை விட, தண்ணீர் கட்டிய நெல்வயலையே அதிகம் விரும்புபவை. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் கிருமி பெருகுகிறது. மனிதனுக்கு வந்தால் அவனோடு நின்றுவிடும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. 1990களில் மதுரையில் உள்ள மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் பழைய தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தது இந்தக் காரணத்தால்தான். வீராணம் ஏரிப் பாசனத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை முதல் சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்கள் வரை வயலும் வாய்க்காலுமாக இருக்கும் பூமி இது. 'நம் தெருவில் பன்றி கிடையாதே' என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். கொசுவுக்கு மஹல்லா எல்லை தெரியாது.

கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோயாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் அப்படி ஆனவர்களில் 30 சதவீதம் வரை இறந்துவிடுகிறார்கள். பிழைப்பவர்களிலும் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு முடக்கம், வலிப்பு, பேச்சிழப்பு, புத்தி மந்தம் போன்றவை நிலைத்துவிடுகின்றன. கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஸ்டெம் செல் என்ற சொல் இந்தக் குடும்பங்களின் காதில் தேனாக விழுவதற்குக் காரணம் அந்த வெற்றிடம்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். தோலணு தோலாகவே இருக்கும், இரத்த அணு இரத்தமாகவே இருக்கும். குருத்தணுவோ இன்னும் எந்த வேலைக்கும் அமர்த்தப்படாத அணு. அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும், தேவைப்பட்ட அணுவாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள் அன்றாடம் இரத்தத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. அவற்றை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை நம் நாட்டில் 1983ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986ல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. தலசீமியா, சில இரத்தப் புற்றுநோய்கள் போன்றவற்றுக்கு இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. இதற்காக உதவி கேட்டு வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்கக் கூடாது.

மூளை விஷயம் வேறு. நாற்றங்காலில் இருந்து பிடுங்கி வயலில் நடுவது போல, ஊசியில் ஏற்றிய அணு மூளையில் போய் வேர் பிடித்து, இறந்துபோன நரம்பணுவின் இடத்தில் அமர்ந்து, அது வைத்திருந்த ஆயிரக்கணக்கான இணைப்புகளையும் திரும்பப் போட்டுவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. மனிதர்களில் அப்படி நடப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மருத்துவமனைகள் பெரும்பாலும் எடுப்பது எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றின் அணுக்கள். அவை வீக்கத்தைத் தணிக்கும் சில பொருட்களைச் சுரக்கின்றன என்பது உண்மை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி செலுத்தப்பட்ட எலிகளுக்கு இவ்வகை அணுக்களைக் கொடுத்தபோது இறப்பு குறைந்ததாகச் சீன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஹரியானா மாநிலம் மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வோ, இந்தக் கிருமி மூளையின் சொந்தக் குருத்தணுக்களையே தாக்கி அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கிறது என்று 2008ல் காட்டியது. ஆராய்ச்சி நடக்கட்டும், அதற்காக துஆ செய்வோம். ஆனால் நோய் தொடங்கிய எலிக்குக் கொடுத்ததும், நோய் வந்து இரண்டு வருடம் கழித்துத் தழும்பேறிப் போன மூளைக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல.

'அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்களே, இப்போது உட்காருகிறானே' என்று கேட்பவர்கள் உண்டு. மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்ட பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்களிலும், அதற்குப் பின்பு மெதுவாகவும் தானாகவே தேறுவார்கள். பிஞ்சு மூளைக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் தன்மை அது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கால் கை செயலிழக்கும் கில்லன் பாரே நோயிலும் பெரும்பாலோர் காலப்போக்கில் எழுந்து நடக்கிறார்கள். அதற்கு இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளும் இருக்கின்றன. ஸ்டெம் செல் ஊசியோடு கூடவே தீவிர இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். முன்னேற்றம் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த ஒப்பீட்டைச் செய்யாமலேயே பணம் வாங்குவதுதான் பிரச்சினை.

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்ற பேச்சும் சரியல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு நரம்பு நோய்க்காக 2001 முதல் மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. சில ஆண்டுகளில் அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்தன. அவை கொடையாளரின் அணுக்களிலிருந்து முளைத்தவை என்று 2009ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட இரத்தம் சார்ந்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சி நிலையில் இருப்பவையே. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அவற்றை நோயாளிக்குக் கொடுப்பது நெறிமுறைக்கு விரோதமானது. முறையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்கும், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். 'ஆராய்ச்சியில் சேர்க்கிறோம், லட்சங்களைக் கட்டுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒட்டாது.

மார்க்க ரீதியாகப் பலர் கேட்பது, 'இது ஹலாலா?' என்ற கேள்வி. மக்காவில் ராபிதாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் தனது 17வது அமர்வில் இதை விவாதித்தது. பெரியவர்களின் உடல், தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, தானாகக் கலைந்த கரு போன்றவற்றிலிருந்து சம்மதத்தோடு எடுப்பதை அனுமதித்தது. இதற்காக வேண்டுமென்றே கருவைக் கலைப்பதைத் தடுத்தது. ஆக, அணு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் அதை விடப் பெரிய கேள்வி வேறு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கெடுதல் ஏற்படுத்துபவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. விற்பவன் தன் சரக்கின் குறையை மறைத்தால் அந்த வியாபாரம் மோசடி என்று ஃபிக்ஹு நூல்கள் பாடம் நடத்துகின்றன. நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லி, ஒரு தாயின் கண்ணீருக்கு விலை வைப்பதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? நோய்க்கு மருந்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்ற நம்பிக்கை நம்மைத் தேட வைக்க வேண்டும். யார் எதை மருந்து என்று சொன்னாலும் வாங்க வைக்கக் கூடாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஏழை நோயாளிக்கு ஜகாத் கொடுக்கலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வசூலித்த பணம் அமானிதம். வேண்டுகோளை அறிவிப்பதற்கு முன் மருத்துவ அறிக்கையை வாங்கி, அந்த மருத்துவமனையோடு சம்பந்தமில்லாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் நமக்குத் தூரமில்லை. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே போய்க் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஸ்டெம் செல்லுக்கு என்று சேர்ந்த தொகையை அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு, பணம் கொடுத்தவர்களுக்கும் தெரிவித்து, பல வருட இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மாத்திரை, சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு மாற்றினால் அது நல்ல செலவு என்பது நமது கருத்து. வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் வசதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் கூட எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனை வீடுகள் இருக்கின்றன!

இன்னொன்று தடுப்பூசி. பாதிப்புள்ள மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு முறை என்று இலவசமாகப் போடப்படுகிறது. தட்டம்மை வந்து பல வருடம் கழித்து மூளையைச் சிதைக்கும் கொடிய நோயை மீசல்ஸ் ரூபெல்லா ஊசி தடுக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் அந்த ஊசி முகாம் நடந்தபோது என்னென்ன வதந்திகள் நம் குழுக்களில் சுற்றின என்பது நினைவிருக்கும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.